பனியாற்றடியில் கிள்ளின கடுகுப்பூ

அந்தப் பெடியனை எனக்கு வந்த முதல் நாளே பிடிக்கேல்லை. இதை ஒளிச்சுவைச்சுக்கொண்டு மிச்சத்தைச் சொன்னால் அது புழுகாப் போயிடும்.

சென்னைப் பெடியன். மொன்றியலில ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செடிகொடியைப் பற்றி டொக்டர் பட்டம் படிக்க வந்தவன். வாயைத் திறந்தால் ‘ஆக்சுவலா’. ‘ஆக்சுவலா மேடம், இதை எங்க வைக்கணும்?’ யூலை மாசம் ரொக்கி மலைக்குப் போய் வந்தவன். அங்கை பனியாறு பாக்கப் போன பஸ்சின்ரை ரிக்கற் ஒண்டு அவன்ரை ஜக்கெற்றில தொங்கும். இலை உதிர்ந்து குளிர் தொடங்கின பிறகும் தொங்கினது. சாப்பாட்டு அறையில எல்லாருக்கும் படம் காட்டினான். பனியாற்றுக்கு முன்னாலை கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறான், கல்லில குந்தியிருக்கிறான், ஐஸைத் தொட்டுப்பாக்கிறான். செடி பிடுங்கப் போனவன்ரை படத்தில ஒரு செடி இல்லை. ‘வருஷா வருஷம் சுருங்கிட்டே வருதுக்கா’ எண்டு பனியாற்றைப் பற்றி எனக்கு வகுப்பும் எடுத்தான். மேடம் அக்காவானது அண்டைக்குத்தான்.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில செடி ஒட்டுறவள். அது இரண்டாயிரங்களின்ரை நடுப்பகுதி. நிலத்துக்குக் கீழ ஒரு நீட்டு அறை, சுவர் முழுக்க இரும்பு அலுமாரி, எப்பவும் பூச்சிமருந்து வாசம். எங்கையோ ஆரோ பிடுங்கி, பேப்பருக்கை அமத்திக் காயவைச்ச செடியள் அங்கை வந்து சேரும். நான் அதுகளைத் தடிச்ச வெள்ளைத் தாளில பரப்பி, பசை பூசி, தண்டுக்கு மேலால மெல்லிய துணிநாடா போட்டு ஒட்டுவன். வலது பக்கக் கீழ் மூலையில ஒரு லேபல். எந்த இடம், எந்த நாள், ஆர் பிடுங்கினது எண்டு அதில இருக்கும். அதுக்கு மேல ஒரு சின்னச் சீட்டு. அதுதான் விசயம். இந்தச் செடி இன்னது எண்டு அடையாளம் கண்ட ஆளின்ரை பேர் அந்தச் சீட்டில இருக்கும். நாங்கள் எல்லாம் மண்ணாப் போன பிறகு ஆரும் அந்தத் தாளைத் திறந்தாலும் அந்தப் பேர் இருக்கும். நாலு வருசமா ஆயிரக்கணக்கில அந்தச் சீட்டுகளை நான் ஒட்டியிருந்தன். ஒண்டிலயும் என்ரை பேர் இல்லை.

ஏன் இருக்கவேணும் எண்டு கேப்பியள். யாழ்ப்பாணத்தில பதினொரு வருசம் நான் ஏ.எல். பெட்டையளுக்குத் தாவரவியல் படிப்பிச்சனான். கரண்ட் இல்லாமல், நுணுக்குக்காட்டியின்ரை கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பிடிச்சுப் படிப்பிச்சனான். இஞ்சை வந்து என்ரை டிகிரிப் பேப்பரைக் காட்டினால், கந்தோரில இருந்த மனிசி ‘பிரெஞ்சு தெரியுமோ’ எண்டு கேட்டவ. தெரியாது எண்டன். பேந்து மொன்றியலிலயே கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ரெண்டு வருசம் நிலம் துடைச்சனான். அதுக்குப் பிறகுதான் இந்த ஒட்டுற வேலை. எங்கடை சனத்துக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. தமிழ்க் கடையில ஒருத்தி, ‘பூ ஒட்டுறதோ, சாமிப்பட மாலையோ’ எண்டு கேட்டுப்போட்டு, பெரியபிள்ளையான மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு மணவறை சோடிக்க வாறியளோ எண்டவ. உதுகளோடை என்னத்தைக் கதைக்கிறது.

செப்ரெம்பர் கடைசியில அந்தப் பெடியன் தன்ரை செடிக் கட்டைக் கொண்டுவந்து என்ரை மேசையில வைச்சான். பனியாறு உருகிப் பின்னுக்குப் போன கல்லுத்தரையில சேர்த்த செடியள். மெற்றோவில சும்மா குடுக்கிற பிரெஞ்சுப் பேப்பருக்கை அமத்தியிருந்தான். ஒண்டொண்டாத் திறந்தன். திறக்கத் திறக்க எனக்கு விசர் வந்தது. எல்லாம் பூ. வெறும் பூ. வேர் இல்லை, அடியிலை இல்லை, காம்பில நகத்தால கிள்ளின பூ.

‘தம்பி, வேர் எங்கை?’

‘வேரா? ஆக்சுவலா பூதானேக்கா முக்கியம்.’

உது எந்தப் பழக்கம் எண்டு எனக்கு உடனை விளங்கீட்டுது. விடியக் குளிச்சுப்போட்டுச் சாமிக்குப் பூ ஆயிற கை. செடி நோகக்கூடாது, வேர் அசையக்கூடாது, மெல்லமாக் கிள்ளவேணும். அதைத் தாய் மனிசி நல்லாப் பழக்கி விட்டிருக்கிறா. இவ்வளவு தூரம் போய், பனியாற்றுக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டு, உவன் அருச்சனைக்குப் பூ ஆய்ஞ்சுகொண்டு வந்திருக்கிறான். வெள்ளைக்காரப் பெடியள் எண்டால் கத்தியால கிண்டி வேரும் மண்ணுமாக் கொண்டு வருவாங்கள். குறிப்புக் கொப்பியைத் திறந்தால், ‘பனிக்குப் பக்கம். குளிர். கற்கள்’ எண்டு எழுதிக் கிடக்கு. பனிக்குப் பக்கத்தில குளிராமல் வேர்க்கவோ செய்யும்.

கடைசிப் பேப்பரில ஒண்டு மட்டும் வேரோடை இருந்தது. அது அவன்ரை கெட்டித்தனம் இல்லை. கிள்ளேக்கை மண் இளகி முழுசா வந்திட்டுது. என்ரை சுண்டுவிரல் உயரமும் இல்லை. வெள்ளைப் பூ, நாலு இதழ், சிலுவை மாதிரி. கடுகுக் குடும்பம், அதில டிராபா எண்டு ஒரு வகை. பாக்கிற ஆருக்கும் ஒரு மதிப்பும் வராது. ஆனா டிராபாவில இது எந்த இனம் எண்டு பிரிக்கிறது லேசில்லை. ஒண்டை மாதிரி ஒண்டு கிடக்கும், பெரிய படிப்புப் படிச்சவையே தடுமாறுவினம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது எண்டுறது சும்மா இல்லை.

கொப்பியில இனத்தின்ரை பேர் எழுதவேண்டின இடத்தில அவன் கேள்விக்குறி போட்டுவைச்சிருந்தான்.

‘எங்க புரொபசர் சார் வெள்ளிக்கிழமை கேப்பாருக்கா. எனக்கு ஆக்சுவலா ஒண்ணும் பிடிபடல. நீங்க இத்தனை வருஷமா ஒட்டறீங்களே, ஏதாவது தெரியுதா பாருங்களேன்.’

ஒட்டறீங்களே. எனக்கு வந்த கோவத்துக்குப் பசைச்சட்டியை அவன்ரை தலையில கவிட்டிருக்கவேணும். ‘வைச்சிட்டுப் போங்கோ, பேந்து பாக்கிறன்’ எண்டன்.

‘பேந்துன்னா?’

‘பிறகு.’

‘ஓ, அப்புறமா.’ என்னைத் திருத்தின மாதிரித் தலையை ஆட்டிப்போட்டுப் போனான்.

மத்தியானம் புட்டுப் பெட்டியைத் திறக்காமல் நுணுக்குக்காட்டிக்கு முன்னாலை குந்தினன். அடியிலையில ஒண்டைக் கண்ணாடியில வைச்சுப் பாத்தன். இலை முழுக்க மயிர். ஒவ்வொரு மயிரும் சின்னக் காம்பில எழும்பி, நட்சத்திரம் மாதிரிக் கிளை விட்டிருந்தது. கிளையளை எண்ணினன். காயைப் பாத்தன், லேசா முறுகியிருந்தது. பேந்து புத்தகம், பேந்து அலுமாரி. பழைய டிராபாத் தாளுகள் எல்லாத்தையும் இறக்கி, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு வைச்சுப் பாத்தன். அதில அரைவாசி நான் ஒட்டினது. திங்கள், செவ்வாய், புதன் மூண்டு மத்தியானமும் உப்பிடிப் போச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, அந்த மூண்டு நாளும் நான் சந்தோசமா இருந்தனான். கனடாவுக்கு வந்து அதுக்கு முதல் நான் அப்பிடி இருக்கேல்லை. வியாழக்கிழமை எனக்குச் சந்தேகம் இல்லை, இது இன்னதுதான்.

அதின்ரை முழுப் பேரை இஞ்சை எழுதமாட்டன். எழுதினால் ஆரும் தேடிப்போய் அந்தத் தாளைத் திறந்து பாப்பினம்.

அவனைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னாலை இருத்தினன். ‘மயிரை வடிவாப் பாருங்கோ தம்பி’ எண்டன். அவன்ரை முகம் ஒரு மாதிரிப் போச்சு. ‘ஒவ்வொரு மயிரா எண்ணுங்கோ, அதிலதான் எல்லாம் இருக்கு’ எண்டு நான் விளங்கப்படுத்த, அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். கண்ணில தண்ணி வந்திட்டுது அவனுக்கு.

‘சாரிக்கா. எங்க ஊர்ல அந்த வார்த்தையை இப்படிச் சொல்லமாட்டாங்க. முடின்னுதான் சொல்லுவோம்.’

எங்களுக்குத் தலைமயிர் எண்டால் தலைமயிர்தான். அவையளுக்கு அது தூசணமாம். நல்லாயிருந்த ஒரு சொல்லை ஊத்தையாக்கி வைச்சுக்கொண்டு, அதைச் சுத்தமாப் பாவிக்கிற என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கேல்லை. மறக்காமல் வைச்சிருந்தது ஆருக்குக் கேடு எண்டு பேந்து சொல்லுறன்.

ஒரு துண்டுப் பேப்பரில பூவின்ரை பேரையும், எப்பிடிக் கண்டனான் எண்டுறதையும் எழுதி அவனிட்டைக் குடுத்தன். குடுத்துப்போட்டு, ‘தம்பி, இதை அடையாளம் கண்டது நான். புரொபசரோடை கதைக்கேக்கை என்ரை பேரைச் சொல்லுங்கோ. அந்தச் சின்னச் சீட்டில என்ரை பேர் வரவேணும்’ எண்டன். சொல்லி முடிக்கேக்கை உடம்பு கூசிச்சு. கடைசியில உவனிட்டைப் போய்க் கேக்கிற நிலைமைக்கு வந்திட்டனே எண்டு.

‘கண்டிப்பா சொல்றேன்க்கா.’

கிழிச்சான் எண்டு மனசுக்கை நினைச்சன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கீழ இறங்கி வந்தான். ஜக்கெற் போட்டு, பையும் தோளில. தடிமன் பிடிச்சு மூக்குச் சிவந்து, குரல் அடைச்சுப்போயிருந்தது. இருக்கக்கூட இல்லை, கதவில நிண்டபடி சொன்னான்.

‘சார் கூப்பிட்டுப் பேசினாருக்கா. நான் உங்க பேரைத்தான் சொன்னேன். திங்கக்கிழமை உங்களைக் கூப்பிடுவாரு. பஸ் போயிடும், வர்றேன்.’

அவ்வளவும்தான். ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஓடிப்போட்டான்.

எங்கடை ஊரில ஒருத்தர் ‘கதைச்சவர்’ எண்டால் கதைச்சவர். ‘பேசினவர்’ எண்டால் ஏசினவர். அப்பா பேசினவர் எண்டு ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளை மூலையில நிண்டு அழுதிருக்கும். ஆக, புரொபசர் இவனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கெண்டு வாங்கியிருக்கிறார். வேரில்லாத கட்டுக்கோ, பிழையான பேருக்கோ, எதுக்கோ. இவன் தான் தப்ப என்ரை பேரைச் சொல்லிப்போட்டான். திங்கட்கிழமை எனக்குப் பூசை. ஒட்டுறவளுக்கு ஏன் உந்த வேலை எண்டு கேக்கப்போகினம், இருக்கிற வேலையும் போகப்போகுது. மூஞ்சையைப் பாத்தாலே தெரிஞ்சதே எண்டு நினைச்சன். அழுதவன் மாதிரித்தானே மூக்குச் சிவந்திருந்தது.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். இந்தியப் படம் பாத்து வளந்தவள், ‘பேசு’ எண்டால் அங்கை என்ன எண்டு தெரியாதோ? தெரியும். நல்லாத் தெரியும். அந்த ஊர்ப் பெடியன் அந்த ஊர்த் தமிழில சொல்லுறான் எண்டும் தெரியும். ஆனா அந்த நேரம் அது மனசில வரேல்லை. வர விடேல்லை எண்டுதான் சொல்லவேணும். ஒருத்தனைக் கூடாதவன் எண்டு முதலே முடிவு கட்டிவைச்சால், காது அதுக்கு ஏத்த மாதிரித்தான் கேக்கும்.

சனி ஞாயிறு ரெண்டு நாளும் வீட்டில கொதிச்சுக்கொண்டு திரிஞ்சன். நாங்கள் இருந்த கட்டடத்தின்ரை அடியில, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு முன்னாலை நிண்டு, இங்கிலிசில சொல்லவேண்டினதைச் சொல்லிச் சொல்லிப் பாத்தன். என்ரை மனிசன் ‘கொஞ்சம் பொறு, திங்கட்கிழமை அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்’ எண்டவர். அந்தாளுக்கு எப்பவும் பொறுதான். பொறுத்துப் பொறுத்துப் புரோசார்டில ஒரு களஞ்சியத்தில பெட்டி தூக்குறார். ‘உங்களை மாதிரி என்னால இருக்க ஏலாது’ எண்டன். பாவம், அவர் சொன்னதுதான் சரி.

திங்கட்கிழமை கூப்பிட முதலே நானா மேலை போனன். புரொபசர் ஒரு வயசுபோன கியூபெக்காரர், மரியாதையான ஆள். என்னைக் கண்டவுடனை எழும்பிச் சிரிச்சார். அந்தச் சிரிப்பும் எனக்கு நஞ்சாத்தான் தெரிஞ்சது. அவர் வாயைத் திறக்க முதல் நான் தொடங்கியிட்டன்.

‘அந்தப் பூவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. நான் ஒட்டுறவள் மட்டும். அந்த மாணவர் என்ரை பேரைச் சொல்லியிருந்தால் நம்பவேண்டாம். அவர் கவனமில்லாதவர், வேரில்லாமல் பூவை மட்டும் கிள்ளிக்கொண்டு வாறவர். தன்ரை அலுவலை மற்றவையின்ரை தலையில போடுறவர்.’

அவர் நிண்ட நிலையிலயே நிண்டார். ‘அப்ப, டிராபாவை அடையாளம் கண்டது நீங்கள் இல்லையோ?’

வெள்ளைக்காரர் கழுத்தை அறுக்கேக்கையும் மரியாதையாத்தான் கேப்பினம் எண்டு நினைச்சன். ‘இல்லை’ எண்டன்.

‘உண்மையாவோ?’

‘உண்மையா.’

‘ஆ பொன்’ எண்டார். அப்பிடியோ எண்டதுக்கு அவை அப்பிடிச் சொல்லுவினம். மேசையில ரைப் அடிச்ச சின்னத் துண்டொண்டு கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு, லாச்சியைத் திறந்து உள்ளுக்கை போட்டார். நான் அது என்ன எண்டு எட்டிப் பாக்கேல்லை. நிமிந்த நடையோடை இறங்கி வந்தன். நல்லாக் குடுத்துப்போட்டன் எண்ட திமிர். அண்டைக்குப் புட்டு நல்லா இறங்கிச்சு.

புதன்கிழமை அவன் வந்தான். கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில இருந்தான்.

‘சார் என்னைத் திட்டிட்டாருக்கா.’

‘அது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.’

‘வெள்ளிக்கிழமையா? இல்லக்கா, நேத்து.’

‘வெள்ளிக்கிழமை கூப்பிட்டுப் பேசினவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.’

‘ஆமா, பேசினாரு. அரை மணி நேரம் பேசினாரு. உங்களைப் பத்தித்தான்.’

‘என்னை ஏன் பேசினவர்?’

‘ஏன்னா?’ அவன் என்னை விளங்காமல் பாத்தான். ‘சந்தோஷத்துலக்கா. இத்தனை வருஷமா கீழ இப்படி ஒருத்தங்க இருக்காங்க, எனக்கே தெரியலையேன்னாரு. மயிர் பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சாரு. சீட்டுல போடணும்னு உங்க பேரோட ஸ்பெல்லிங் கேட்டாரு. எழுதிக் குடுத்தேன்.’

மயிர் எண்ட அந்தச் சொல்லை இந்த முறை அவன் சிரிக்காமல் சொன்னான். நான் கையில பசைத் தூரிகையோடை இருந்தன்.

‘நேத்துக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்ன, அந்தம்மாவே வந்து தெரியாதுன்னு சொல்லிட்டாங்களேன்னு சத்தம் போட்டாரு. அடுத்தவங்க பேரைச் சொல்லி விளையாடாதேன்னாரு. நான் என்ன தப்பாச் சொன்னேன்க்கா?’

நுணலும் தன் வாயால் கெடும் எண்டு நான் எத்தினை பெட்டையளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பன். அந்தப் பெடியன் சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருந்தான். ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாத்தியிருந்தான். வெள்ளிக்கிழமை அவனை ஆரும் பேசேல்லை. எங்கடை ஊர் அர்த்தத்தில அவனுக்குப் பேச்சு வாங்கிக் குடுத்தது நான்.

‘இப்ப என்ன செய்யச் சொல்லுறார்?’ எண்டு கேட்டன்.

‘பூவோட பேர் சரியாத்தான் இருக்கு, அவங்க இல்லன்னா நீயாத்தான் புத்தகம் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கணும், உன் பேரையே போடுன்னுட்டாரு. எனக்கு அது வேணாங்க்கா. நான் கண்டுபிடிக்கலையே. நீங்க மேல வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. போதும்.’

ரெண்டு மாடி. ஏறிப் போய், நான் பொய் சொல்லிப்போட்டன், அந்தப் பூவை அடையாளம் கண்டது நான்தான் எண்டு சொல்ல ஒரு நிமிசம் காணும். அவர் ஏன் எண்டு கேப்பார். ஏன் எண்டால், இந்தப் பெடியன் கூடாதவன் எண்டு நான் முடிவு கட்டியிருந்தனான், அதாலை அவன் சொன்ன நல்ல சொல்லு எனக்குக் கூடாத சொல்லாக் கேட்டிட்டுது எண்டு சொல்லவேணும். அவனைப் பற்றித் திங்கட்கிழமை சொன்ன ஒவ்வொண்டையும் திருப்பி எடுக்கவேணும், அவனையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு. அவனிட்டை மன்னிப்புக் கேக்கிறதெண்டால்கூடக் கேட்டிருப்பன். உவன் என்னிலும் நல்லவன் எண்டு ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு வாய் வரேல்லை. அந்த வயசிலயும் வரேல்லை, ரீச்சரா இருந்தும் வரேல்லை.

‘உங்கடை பேரையே போடுங்கோ தம்பி’ எண்டன்.

‘ஏங்க்கா?’

‘போடுங்கோ எண்டுறன்.’

அடுத்த கிழமை சீட்டு வந்தது. அவன்ரை பேர் இருந்தது. ஒட்டினது நான்.